எண்ணெய் தடவிய திருடனும் என் அப்பாவின் கண்ணும்

மொத்தம் 147 வேளை. இது டாக்டரம்மா சொன்ன எண்ணிக்கை இல்லை. நானே கூட்டிப் பார்த்தது.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். இப்போதெல்லாம் அது ஒரு விஷயமே இல்லை. காலையில் போய் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். விஷயம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடியோடு ஒரு சொட்டு மருந்து பாட்டிலையும் ஓர் அட்டையையும் கொடுத்தனுப்புகிறார்கள். முதல் வாரம் தினம் ஆறு வேளை, இரண்டாம் வாரம் ஐந்து, அப்புறம் நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. ஆறு வாரம். ஆறிலிருந்து ஒன்று வரை கூட்டினால் 21, இன்ட்டு ஏழு, 147. பி.காம். படித்ததில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே திறமை இந்தக் கூட்டல் பெருக்கல்தான்.

யார் போடுவது? குடும்ப மாநாடு கூடியது. அக்காவுக்கு பேங்க். என் மனைவிக்கு ஸ்கூல். எல்லார் பார்வையும் மெதுவாகத் திரும்பி என் மேல் வந்து நின்றது.

"நீ வீட்ல சும்மாதானேடா இருக்கே" என்றாள் அக்கா.

பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன் வீட்டில் சும்மா இருப்பவன் என்பது தமிழ்நாட்டில் தீர்ப்பாகிவிட்ட வழக்கு. அப்பீல் கிடையாது. பாட்டில் என் கைக்கு வந்தது.

அப்பாவைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்தில் ஆடிட் பார்த்தவர். அட்டையில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம் இருந்தது. "மருந்து போட்டதும் டிக் பண்ணிடு" என்று ஒரு நீலப் பேனாவையும் பக்கத்தில் வைத்துவிட்டார்.

முதல் வாரம் மெட்ராஸ் மெயில் மாதிரி நேரம் தவறாமல் ஓடியது. இரண்டாம் வாரம் எனக்குக் கொஞ்சம் வேலை வந்துவிட்டது. ஒரு கட்டுரைக்கான செக் நாலு மாதமாக வராமல் இருந்ததால் நேரிலேயே போய் உட்கார வேண்டியிருந்தது (செக் வரவில்லை, காபி வந்தது). மத்தியானம் ஒரு மணி வேளை போச்சு. இன்னொரு நாள் நாலு மணி. மறுநாள் இரண்டுமே. அந்த வாரக் கடைசியில் அட்டையைப் பார்த்தால் ஐந்து கட்டம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நீலப் பேனாவை எடுத்து டிக், டிக், டிக், டிக், டிக்.

இரண்டு வாரம் முடிந்து கண்ணைக் காட்டப் போனபோது கண் சிவந்திருந்தது. அப்பா கூச்சமெடுக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். டாக்டரம்மா லென்ஸ் வழியாக ரொம்ப நேரம் பார்த்தார்.

"உள்ளே அழற்சி இன்னும் அடங்கலை. மருந்து ஒழுங்கா போடறீங்களா?"

என் தொண்டை அடைத்துக்கொண்டது. அட்டை என் கையில், ஐந்து பொய் டிக்கோடு. வாயைத் திறப்பதற்குள் அப்பாவே சொல்லிவிட்டார்: "கரெக்டா போடறான் டாக்டர்."

சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, பல காரணம் இருக்கலாம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. மறுபடி ஆறு வேளையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். போட்டதாக எழுதிய 77, புதிதாக 147. ஆக மொத்தம் 224. வட்டியும் முதலுமாக.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு சின்னக் கண்ணுக்கு எதற்கய்யா இத்தனை தடவை ஊற்ற வேண்டும், ஒரே தடவையில் உள்ளே போய் உட்கார்ந்து வேலை செய்யாதா என்று எழுந்த ஆத்திரத்தில்தான் நான் இந்தச் சமாச்சாரத்தைத் தோண்ட ஆரம்பித்தேன்.

* * *

தோண்டியதும் முதலில் கிடைத்தது ஒரு வாராக்கடன் கணக்கு.

பாட்டிலை அழுத்தினால் விழும் ஒரு சொட்டு சுமார் 30 முதல் 50 மைக்ரோ லிட்டர். கண்ணில் எப்போதும் நிற்கும் கண்ணீரோ 7 முதல் 10 மைக்ரோ லிட்டர்தான். மிஞ்சிப்போனால் இமைக்குள் 30 கொள்ளும். ஆக, விழுந்த உடனேயே ஒரு பங்கு கன்னத்தில் வழிந்துவிடுகிறது. மிச்சத்தில் பெரும் பங்கு மூக்கோரம் இருக்கும் பொடி ஓட்டை வழியாகத் தொண்டைக்கு இறங்குகிறது. சொட்டு மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் நாக்கில் கசக்கிறது என்று அப்பா சொல்லும்போதெல்லாம் பிரமை என்று நினைத்தேன். பிரமை இல்லை. அது கண்ணுக்குப் போக வேண்டிய மருந்து. எல்லாம் போக உள்ளே நுழைவது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. 95 சதவீதம் வாராக்கடன்! எந்த பேங்க் தாங்கும்?

(இதற்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. சொட்டு விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் ஓரிரு நிமிஷம் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். வடிகால் அடைபடும். ஆபரேஷன் ஆன புதிதில் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.)

கன்னத்துக்கும் தொண்டைக்கும் போனது போக, கண்ணிலேயே தங்கிய மருந்துக்கும் ஒரு வில்லன் காத்திருக்கிறான். அவன் பெயர் சளி.

முகம் சுளிக்காதீர்கள். சளி என்றால் ஜலதோஷத்தில் கர்ச்சீப்பை நனைப்பது மட்டும் இல்லை. கண், மூக்கு, வாய், தொண்டை, நுரையீரல், குடல், அதற்குக் கீழேயும் மேலேயும் என்று, உடம்பு வெளியுலகத்தைத் தொடும் ஈரமான இடங்களிலெல்லாம் ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் மியூசின் என்ற புரத நூல்கள் வலை மாதிரி பின்னிக் கிடக்கின்றன. நூல் ஒவ்வொன்றும் பாட்டில் கழுவும் பிரஷ் போல இருக்கும். நடுவில் புரதத் தண்டு, சுற்றிலும் சர்க்கரை மூலக்கூறுகள் ரோமம் மாதிரி. தண்டில் ஆங்காங்கே எண்ணெய்ப் பசையுள்ள பொருளைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும் வெற்றிடங்கள். தூசி, கிருமி, மகரந்தம் எது வந்தாலும் இந்த வலையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு பழைய வலையைத் தள்ளிவிட்டுப் புது வலையை விரித்துக்கொண்டே இருக்கும். கண்ணில் நாம் ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் இந்தத் துப்புரவு நடக்கிறது.

நல்ல வாட்ச்மேன்தான். ஆனால் வீட்டுக்காரரே வரவழைத்த டாக்டரையும் திருடன் என்று கேட்டிலேயே பிடித்துத் தள்ளுகிற வாட்ச்மேன். மருந்துத் துகளும் அவனுக்கு ஒரு தூசிதான்.

* * *

இந்த இடத்தில் மருந்து விஞ்ஞானிகள் 1980களிலிருந்து ஒரு யோசனை வைத்திருந்தார்கள். சளி ஒட்டிக்கொள்கிறதா? நல்லதாய்ப் போயிற்று, இன்னும் நன்றாக ஒட்டுகிற மாதிரி மருந்தைச் செய்வோம், அதிக நேரம் தங்கும் அல்லவா! கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒட்டிக்கொண்டது வலையின் மேல்மாடியில். வலை நகரும்போது மருந்தும் சேர்ந்தே நகர்ந்துவிடும். நகர்கிற பஸ்ஸின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, 'நான் இந்த ஸ்டாப்பிங்கிலேயேதான் இருக்கிறேன்' என்று சொல்வது போல.

திருப்பம் வந்தது அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில். அங்கே ரிச்சர்ட் கோன் என்றொரு விஞ்ஞானி. சளியைப் பற்றி யோசித்தே காலத்தைக் கழித்தவர் (நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை சொன்னால் பெண் கொடுப்பார்களா?). அவரும் கூட்டாளிகளும் 2001ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பெண்களின் கருப்பை வாய்ச் சளியை எடுத்து, அதில் பிளாஸ்டிக் பொடி மணிகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஈ பசையில் மாட்டிய மாதிரி அப்படியே நின்றுவிட்டன. சின்ன மணி, பெரிய மணி, எல்லாமே.

அடுத்து வைரஸ்களின் ஓட்டை மட்டும் போட்டுப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கைக் கிளப்பும் நார்வாக் வைரஸ், கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி., இரண்டின் மேலோடும் சளிக்குள் தண்ணீரில் நீந்துகிற மாதிரி நீந்திப் போய்விட்டன!

எப்படி? நான் சின்ன வயசில் பாட்டியிடம் கேட்ட திருட்டுக் கதைதான் பதில். அந்தக் காலத்துத் திருடன் உடம்பு பூரா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் வீட்டுக்குள் இறங்குவானாம். ஊரே சேர்ந்து பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடுவான். வைரஸும் அந்த வம்சம்தான். அதன் மேலோட்டில் பாசிட்டிவ் மின்னூட்டமும் நெகட்டிவ் மின்னூட்டமும் நெருக்கமாகக் கலந்து கிடப்பதால் கூட்டிக் கழித்தால் பூஜ்யம். எண்ணெய்ப் பசையும் வெளியே தெரியாது. வலைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாது. கோடிக்கணக்கான வருஷமாக நம் மாதிரி ஜீவராசிகளிடம் அடிபட்டு, உதைபட்டுக் கற்ற தொழில்.

திருடனிடமிருந்து தொழிலைக் கற்றுக்கொண்டவர் அதே பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் ஹேன்ஸ். கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். அவர் தேர்ந்தெடுத்த விளக்கெண்ணெய்க்குப் பெயர் பாலி எதிலீன் கிளைகால், சுருக்கமாக 'பெக்'. ஏதோ வேற்றுக்கிரக வஸ்து என்று நினைக்க வேண்டாம். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பவுடரில் இருக்கிறது, முகத்துக்குப் பூசும் கிரீமில் இருக்கிறது.

ஆனால் இதே 'பெக்' சளியில் நன்றாக ஒட்டும் என்று அதுவரை பலரும் எழுதியிருந்தார்கள்! இரண்டு பேரும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? சூட்சுமம் அளவில் இருந்தது. நீள நீளச் சங்கிலியாகப் பூசினால் அது சளியின் நூலோடு சிக்கிக்கொள்ளும், கூந்தலில் சிக்கிய சீப்பு மாதிரி. கட்டை குட்டையாக, ஆனால் இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பூசினால் வழுக்கும். போலீஸ் கிராப் மாதிரி. சப்பாத்தி ஒட்டாமலிருக்க மாவு தூவுகிறோமே, உருண்டையில் ஒரு இடம் விடுபட்டாலும் அந்த இடம் பலகையில் பிடித்துக்கொள்ளும் இல்லையா, அதே கதை.

ஹேன்ஸும் சாமுவேல் லாய் முதலானவர்களும் 2007ல் வெளியிட்ட முடிவுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைச் சொல்வதற்கு முன் நானோ என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். நம்மில் பலருக்கு நானோ என்றால் 2009ல் ரோட்டுக்கு வந்து 2018ல் விடைபெற்றுக்கொண்ட குட்டிக் கார்தான். ஒரு மீட்டரை நூறு கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு, ஒரு நானோ மீட்டர். தலைமுடியின் கனமே 80 ஆயிரம், ஒரு லட்சம் நானோ மீட்டர் வரும்.

சளி வலையின் ஓட்டைகள் ரொம்பப் பொடிசு, வைரஸ் அளவுக்கு மேல் எதுவும் நுழையாது என்றே எல்லாரும் நம்பினார்கள். இவர்கள் 200, 500 நானோ மீட்டர் மணிகளுக்கு 'பெக்' பூசி அனுப்பினார்கள். ஓடின! தண்ணீரில் போகும் வேகத்தைவிட 4 முதல் 6 மடங்குதான் மெதுவாக. 100 நானோ மீட்டர் மணி, பொடியன், அவன் இன்னும் வேகமாக ஓட வேண்டும் அல்லவா? அவன் பெரிய அண்ணன்களைவிடப் பின்தங்கிவிட்டான்!

அதற்கு அவர்கள் ஊகித்த காரணத்தை நான் சென்னை பாஷையில் சொல்கிறேன். டவுன் பஸ் சந்து பொந்தில் நுழைய முடியாது, அதனால் அண்ணா சாலையிலேயே நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். டூ வீலர்காரன் குறுக்கு வழி என்று ஒவ்வொரு முட்டுச் சந்திலும் புகுந்து திரும்பி வந்துகொண்டிருப்பான். சளி வலையிலும் பெரிய ஓட்டைகளும் உண்டு, முட்டுச் சந்துகளும் உண்டு.

எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. இப்படி வழி திறந்துவிட்டால் அதே வழியாக நிஜக் கிருமியும் போய்விடாதா? 2011ல் இதே கூட்டத்தார் பார்த்தது தலைகீழாக இருந்தது. ஒட்டிக்கொள்கிற துகள்கள்தான் நூல்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து இழுத்து வலையில் பெரிய ஓட்டை போடக்கூடும் என்றார்கள். ஒட்டாதவன் யார் வம்புக்கும் போகாமல் போய்விடுகிறான்.

* * *

இனிமேல் என் ஏரியா. பணம்.

ஹேன்ஸும் அவருடைய குருநாதர் ராபர்ட் லாங்கரும் (கொரோனா தடுப்பூசி புகழ் மாடெர்னா கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவர்) இன்னும் சிலரும் சேர்ந்து 2009ல் காலா ஃபார்மசூட்டிகல்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். நம் ஊர் 'காலா'வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குடலா, நுரையீரலா என்று பெரிய பெரிய இடங்கள் இருக்க, கடைசியில் அவர்கள் கடைவிரித்தது கண்ணில்.

புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. கண் அழற்சிக்கு 1998லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிய லோடெப்ரெட்னால் என்ற ஸ்டீராய்டு மருந்தையே எடுத்தார்கள். அதை நானோ துகளாக அரைத்து, 'பெக்'கின் உறவுக்காரரான போலாக்ஸமர் என்ற பொருளைப் பூசினார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் இருக்கிறதே, அதேதான். முயல்களின் கண்ணில் பார்த்ததில் பழைய சொட்டைவிட மூன்று மடங்குக்கு மேல் மருந்து உள்ளே போனதாகக் கம்பெனி சொன்னது.

2018 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. பெயர் இன்வெல்டிஸ். கண் ஆபரேஷனுக்குப் பிறகு போடுவது. பழைய லோடெப்ரெட்னால் சொட்டு, தினம் நாலு வேளை. இது? இரண்டே வேளை. இரண்டு வாரம். 28. காலையில் பல் தேய்த்ததும் ஒன்று, ராத்திரி படுக்கப் போகும்போது ஒன்று.

அந்த '28'ஐப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஒரு மணி இல்லை. நாலு மணி இல்லை. செக்குக்காகக் காத்திருக்கும் மகன்கள் பொய் சொல்ல வேண்டிய கட்டமே அட்டையில் இல்லை.

அவசரப்பட்டுக் கைதட்டாமல் ஐந்தொகையின் மறுபக்கத்தையும் பார்த்தேன். மனிதர்களிடம் நடந்த பெரிய பரிசோதனைகளில் புதுச் சொட்டை ஒப்பிட்டது, மருந்து கலக்காத வெறும் சொட்டோடு. பழைய நாலு வேளைச் சொட்டோடு கோதாவில் இறக்கிப் பார்க்கவில்லை. வெறும் சொட்டை ஜெயித்தது நிஜம், பழைய சாம்பியனை ஜெயித்ததா என்பது வேறு கேள்வி. அடுத்து வறண்ட கண்ணுக்கு என்று அதே மருந்தை வீரியம் குறைத்துக் கொண்டுவந்தபோது எஃப்.டி.ஏ. 2019ல் திருப்பி அனுப்பி, இன்னொரு பரிசோதனை கேட்டது. அதையும் செய்து, 2020 அக்டோபரில் ஐசுவிஸ் என்ற பெயரில் அனுமதி வாங்கினார்கள். அதுவும் அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குத்தான். ஸ்டீராய்டு ஸ்டீராய்டுதான். என்ன பூசி அனுப்பினாலும், நாள்பட்டால் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும். கடைக்காரரிடம் நாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற சமாச்சாரம் இல்லை.

கம்பெனி 2017 ஜூலையில் பங்குச் சந்தைக்கு வந்தது. விஞ்ஞானம் வழுக்கிக்கொண்டு போன அளவுக்கு வியாபாரம் போகவில்லை. 2022ல் இரண்டு சொட்டு மருந்துகளையும் ஆல்கான் என்ற பெரிய கண் மருந்துக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கையில் 6 கோடி டாலர், விற்பனை ஏற ஏற இன்னும் தருகிறோம் என்ற ஒப்பந்தம். பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட மூளைக்கு அது லாபமா நஷ்டமா என்று இரண்டு தடவை கணக்குப் போட்டேன். விடை நன்றாக இல்லை.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "அப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையே சார், பிரிஸ்கிரிப்ஷன் காட்டுங்க" என்றார். பழைய பாட்டிலையே இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

* * *

ஒருநாள் மத்தியானம் ஒரு மணி. அப்பா ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். சொட்டு விட்டு, கண் மூலையை விரலால் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிஷம் இருவரும் நகர முடியாது. அந்த இரண்டு நிமிஷத்தில் வைரஸ், வலை, திருடன், 28 எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். இன்னொன்றும் தொண்டையிலேயே நின்றது.

"அப்பா, அந்த ரெண்டாவது வாரம்..."

"தெரியும்டா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "அஞ்சு டிக்கும் ஒரே மை, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. அஞ்சு வேளைக்கு அஞ்சு விதமாத்தான் இருக்கும் நிஜ டிக்."

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட..."

"ஆடிட் அப்ஜெக்ஷனை ஆபீஸுக்குள்ளேதான் எழுதணும். வெளியாள் முன்னாடி எழுதக்கூடாது."

நான் விரலை எடுக்கவில்லை.

கண் இப்போது தெளிந்துவிட்டது. பேப்பரில் சின்ன எழுத்தெல்லாம் படிக்கிறார், என் கட்டுரைகளில் பிழை கண்டுபிடிக்கிறார். இடது கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஏண்டா, அந்த ரெண்டு வேளை மருந்து அதுக்குள்ளே இங்கே வந்துடுமா?" என்று நேற்று கேட்டார்.

"தெரியலைப்பா. டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாம்."

"கேளு. இல்லேன்னாலும் பரவாயில்லை. அட்டையை மட்டும் இந்தத் தடவை என்கிட்டே குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, நீலப் பேனாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.